இனுக்டிடூட்: சொல் எங்கே முடிகிறது?

சில வருஷங்களுக்கு முன்னால் எழுதிய ஒரு குறிப்பில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "இனுக்டிடூட்டில் ஒரு சொல்லே ஒரு வாக்கியம், அதனால் அங்கே தொடரியலுக்குப் பெரிய வேலை கிடையாது." போன மாதம் ஒரு நண்பர் அந்த வரியை அப்படியே மேற்கோள் காட்டி, "அப்படின்னா அந்த மொழிக்கு இலக்கணப் புத்தகம் எழுத அகராதி மட்டும் போதுமா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. அந்த வரியின் முதல் பாதி சப்பையான உண்மை, இரண்டாம் பாதி தப்பு. எப்படித் தப்பு என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஏனென்றால் இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை.

முதலில் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. கிழக்குக் கனடாவின் வடபகுதியில், நூனவுட்டிலும் கியூபெக்கின் வடக்கான நூனவிக்கிலும், பேசப்படும் மொழி இது. கிரீன்லாந்தின் கலாலிசூட் இதற்கு நெருங்கிய உறவு. தொண்டையின் அடியில் பிறக்கும் ஒரு ககரம் இந்த மொழிகளில் உண்டு. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லாததால் இரண்டு ககரத்தையும் 'க்' என்றே எழுதுகிறேன். அதற்கு ஈடாக நம் நெடுங்கணக்கில் 'அங்ஙனம்', 'இங்ஙனம்' தவிர வேலையே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஙகரத்துக்கு இங்கே கை நிறைய வேலை. மொழியின் பெயரை மட்டும் வழக்கத்தில் உள்ளபடி விட்டுவிட்டேன்.

அறிமுகப் பாடங்களில் எல்லாம் காட்டப்படும் ஒரு சொல் இது:

துசாத்சியருன்னங்ஙித்துஅலூயுஙா

'என்னால் சரியாகக் கேட்கவே முடியவில்லை' என்று பொருள். பிரித்தால், துசா- (கேள்), -த்சியக்- (நன்றாக), -யுன்னக்- (முடி), -ங்ஙித்- (இல்லை), -துக்- (அப்படிச் செய்பவர்), -அலுக்- (பெரிய), -உ- (ஆக இரு), -யுஙா (நான்). த்சியக்கும் யுன்னக்கும் சேரும் இடத்தில் ரகரம் தோன்றுவது போன்ற சந்தி வேலைகள் நமக்குப் புதிதில்லை. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகிற கதைதான்.

இதைப் பார்த்ததும் வாய் பிளப்பது இயல்பு. 1819-ல் பீட்டர் டூபோன்சோ அமெரிக்கப் பழங்குடி மொழிகளுக்காகப் 'பல்தொகைச் சொல்லமைப்பு' என்ற பொருளில் ஒரு கலைச்சொல்லை உருவாக்கியதிலிருந்து இன்றைக்கு வரைக்கும் இந்த வாய்பிளப்பு தொடர்கிறது. பனிக்கு இத்தனை நூறு சொல் இருக்கிறதாம் என்ற கதையும் இதன் தங்கச்சிதான். 1911-ல் பிரான்ஸ் போவாஸ் நாலே நாலு வேர்ச்சொல்லைச் சொன்னார். அது கைமாறிக் கைமாறி எப்படி ஊதிப்போனது என்று லாரா மார்ட்டின் 1986-ல் எழுதிக் காட்டினார். பின்னொட்டுகளை அடுக்கிக்கொண்டே போகக்கூடிய மொழியில் 'எத்தனை சொல்' என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை என்பதுதான் அங்கே கவனிக்கவேண்டிய சங்கதி. அதைப் பனிக்கதை சொல்பவர்கள் யாரும் கவனிப்பதில்லை.

சரி, என் பழைய வரிக்கு வருகிறேன். 'ஒரு சொல்லே ஒரு வாக்கியம்' என்பது சப்பையான உண்மை என்றேன். 'வந்தேன்' என்பது ஒரு சொல். அது முழு வாக்கியமும்கூட. அதை வைத்துத் தமிழில் தொடரியலுக்கு வேலை இல்லை என்று யாராவது சொல்வார்களா? சொல் எவ்வளவு நீளம் என்பது கேள்வியே இல்லை. சொல்லுக்கு வெளியே நிற்கும் ஒன்று, சொல்லுக்கு உள்ளே இருக்கும் ஒன்றோடு இலக்கண உறவு வைத்துக்கொள்ள முடியுமா, முடியாதா? கேள்வி அதுதான்.

பல மொழியியலாளர்கள் முடியாது என்றே நம்பினார்கள். சொல் என்பது பூட்டிய பெட்டி. தொடரியல் பெட்டிகளை அடுக்கும், திறந்து பார்க்காது. தமிழில் இதற்கு நல்ல சாட்சி உண்டு. 'கறுப்பு நாய்க்குடை' என்றால் காளான்தான் கறுப்பு. கறுப்பு நாய் ஒன்றின் குடை என்று எந்தக் குழந்தையும் புரிந்துகொள்ளாது. 'கறுப்பு' என்ற அடை, பெட்டிக்குள் இருக்கும் 'நாய்' வரை போய்த் தொட முடியவில்லை.

ஆனால் அதே தமிழில் இன்னொரு சொல்லை எடுங்கள்: 'ரெண்டு பொண்டாட்டிக்காரன்.' இதில் ரெண்டு என்பது எதை எண்ணுகிறது? ஆள் ஒருத்தன்தான். எண்ணப்படுவது பெட்டிக்குள் இருக்கும் பெண்டாட்டி. 'சிவப்புச் சட்டைக்காரன்' என்றாலும் சட்டைதான் சிவப்பு. '-காரன்' தனியாக நிற்காத வெறும் பின்னொட்டு. இருந்தும் அதற்கு முன்னால் வருவது தனிச்சொல் அல்ல, 'ரெண்டு பொண்டாட்டி' என்ற முழுத் தொடர். இன்னும் வேடிக்கை, 'எதிர் வீட்டுக்காரர்' என்றால் எதிர்வீட்டில் இருப்பவர். 'எங்க வீட்டுக்காரர்' என்றால் பெரும்பாலும் கணவர். முதலாவதில் அடை உள்ளே போகிறது. இரண்டாவதில் 'வீட்டுக்காரர்' உறைந்துபோன ஒரே சொல்லாகி, 'எங்க' அதற்கு வெளியே நிற்கிறது. ஒரே பின்னொட்டு, இரண்டு கட்டுமானம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது இனுக்டிடூட். 'கரிபூ மான் (இறைச்சி) சாப்பிடுகிறான்' என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம்.

துக்துமிக் நிரியுக்.
துக்துதுக்துக்.

முதலாவதில் துக்து (கரிபூ) தனிச்சொல்; '-மிக்' என்ற வேற்றுமை உருபு ஏற்றிருக்கிறது; நிரி- (சாப்பிடு) தனி வினை. இரண்டாவதில் துக்து-துக்-துக்: பெயர் முன்னால், '-துக்-' (உட்கொள்) என்ற பின்னொட்டு நடுவில், 'அவன்' என்று காட்டும் ஈறு கடைசியில். நடுவில் வருவதும் கடைசியில் வருவதும் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தாலும் வேறு வேறு உருபன்கள். டீ குடிக்கிறீர்களா என்று கேட்க 'தீதுருமவித்?' என்பார்கள்: தீ (டீ), -துக்- (உட்கொள்), -ரும- (விரும்பு), -வித் (நீயா?). கடன் வாங்கிய டீயும் அப்படியே உள்ளே போய்விடுகிறது.

இந்த '-துக்-' நிரி-யின் சுருங்கிய வடிவம் அல்ல. உருவில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நிரி- தனியே நிற்கும். -துக்- ஒருபோதும் நிற்காது. இதை வைத்துத்தான் சண்டை.

எட்வர்ட் சபீர் 1911-ல் எழுதிய கட்டுரையில், வினைக்குள் பெயரை இழுத்துக்கொள்வது என்றால் ஒரு பெயர்வேரும் ஒரு வினைவேரும் கூடுவது என்று வரையறுத்தார். இனுயிட் மொழிகளில் கூடுவது பெயர்வேரும் பின்னொட்டும். ஆகவே இது அந்தக் கணக்கில் வராது, பெயரிலிருந்து வினையை உண்டாக்கும் வழக்கமான சொல்லாக்கம் என்று தள்ளிவிட்டார். எழுபது வருஷம் கழித்து, 1980-ல், ஜெரால்ட் சேடொக் கிரீன்லாந்து மொழியை வைத்து அதை மறுத்தார். அவர் காட்டிய சான்றுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது சறுக்குவண்டி.

கிரீன்லாந்து மொழியில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்குக் 'கமுதித்' என்று பெயர். வண்டி ஒன்றே ஆனாலும் சொல் வடிவில் பன்மை. ஆங்கிலத்தில் கத்தரிக்கோலைப் பன்மையில் சொல்கிறார்களே, அதுபோல. 'அவனுக்கு ஒரு சறுக்குவண்டி இருக்கிறது' என்பதற்கு:

அதாத்சினிக் கமுதெகர்பொக்.

'-கர்-' என்றால் வைத்திரு. வண்டி வினைக்குள் போய்விட்டது. போகும்போது தன் பன்மை ஈற்றை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறது. வெளியே நிற்கும் 'ஒரு' என்ற சொல்லைப் பாருங்கள். அதில் இருப்பது ஒருமைக்குரிய '-மிக்' அல்ல, பன்மைக்குரிய '-நிக்'. பொருளில் ஒன்று. வினை ஈற்றிலும் ஒருமை. பிறகு இந்தப் பன்மை எங்கிருந்து வந்தது? உள்ளே ஒளிந்திருக்கும் கமுதித்தின் இலக்கணப் பன்மையிலிருந்துதான் வந்திருக்க முடியும். வெளியே நிற்கும் அடை, பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது மட்டுமில்லை, அங்கே இருக்கும் பெயருக்கு ஏற்பத் தன் உருவையும் மாற்றிக்கொள்கிறது. தமிழ் அடைகள் எண்ணுக்கு ஏற்ப மாறுவதில்லை என்பதால் '-காரன்' சொற்களில் இவ்வளவு வெளிப்படையான தடயம் நமக்குக் கிடைக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த '-மிக்/-நிக்' எங்கே பார்த்தோம்? 'துக்துமிக் நிரியுக்' என்பதில், வெளியே நிற்கும் செயப்படுபொருளின் உருபாக. பெயர் வினைக்குள் போனபிறகும், அதன் மிச்சமாக வெளியே நிற்கும் அடை அதே உருபைத்தான் ஏற்கிறது. அதாவது தொடரியலின் கணக்குப்படி செயப்படுபொருள் இன்னும் தன் பழைய இடத்திலேயே இருக்கிறது. தலை மட்டும் உள்ளே போயிருக்கிறது, உடம்பு வெளியே.

மரியான் மிதுன் இதற்கு மசியவில்லை. 1984-ல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை உலக மொழிகளில் பெயர் இணைப்பு எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று நாலு வகையாகப் பிரித்துக் காட்டியது. கிரீன்லாந்து மொழி அதில் சேராது என்பது அவர் கட்சி. 1986-ல் ஒரே இதழில் சேடொக்கும் அவரும் நேருக்கு நேர் எழுதினார்கள். மிதுனின் வாதத்தைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. மொஹாக் மொழியில் பேசுபவருக்குத் தேர்வு உண்டு: அதே வினைவேரைப் பெயரோடும் சொல்லலாம், பெயர் இல்லாமலும் சொல்லலாம். பின்னணியில் தள்ளவேண்டிய பெயரை உள்ளே போடுவார்கள். அதுதான் அதன் பயன். இனுயிட் மொழியில் '-துக்-' என்பதற்கு அந்தத் தேர்வு கிடையாது. ஏதாவது ஒரு பெயர் முன்னால் வந்தே ஆகவேண்டும். வேலையே வேறு, பெயர் மட்டும் ஏன் ஒன்று என்கிறார்.

நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. '-துக்-' எந்த வகை உருபன் என்பது ஒன்று. அந்த உருபன் எதன்மேல் ஏறுகிறது, தனிச்சொல்மேலா தொடர்மேலா என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் மிதுன் சரி: அது பின்னொட்டுதான். அதனால் அது சொல்மேல் மட்டுமே ஏறும் என்ற முடிவுக்கு அவர் தாவுகிற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. நம் '-காரன்' கலப்படமில்லாத பின்னொட்டு. இருந்தும் 'ரெண்டு பொண்டாட்டி'மேல் ஏறி உட்காருகிறது. பெயரே தேவையில்லாத இடத்தில் இனுயிட் மொழிகள் செய்கிற வேலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்: 'பி-' என்று பொருள் ஏதும் இல்லாத ஒரு வேரைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்கிறார்கள். கிரீன்லாந்து மொழியில் 'பெகர்பொக்' என்றால் 'இருக்கிறது, உண்டு'. பி- + -கர்-. பின்னொட்டுக்குச் சாய ஒரு சுவர் வேண்டும், சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை. இது ஒலிவடிவத்தின் தேவை மாதிரி இருக்கிறதே தவிர, பொருளின் தேவை மாதிரி இல்லை.

உண்மையைச் சொன்னால், சறுக்குவண்டியைவிட என்னை அதிகமாக அசைத்தவை இந்த மொழி படிக்கப் போகிறவன் முதல் நாளே கற்கும் சொற்கள்தான். 'உன் பெயர் என்ன, நீ யார்?' என்பதற்குக் 'கினவுவித்?' கின (யார்) + -உ- (ஆக இரு) + -வித் (நீயா?). வினாச்சொல்லே சொல்லுக்குள் இருக்கிறது. 'யானியுயுஙா' என்று பதில்: யானி-உ-யுஙா, நான் யானி. மனுஷன் பெயரே உள்ளே போயாயிற்று. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பெயருக்கு உலகத்தில் குறிப்பிட்ட ஆளைச் சுட்டும் தகுதி கிடையாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். 'நாய்க்குடை'யில் எந்த நாய் என்று கேட்க முடியாது என்பது அதனால்தான். இங்கே எந்த யானி என்று தாராளமாகக் கேட்கலாம், எதிரில் நிற்கிறான்.

அடுத்த சொல்: 'நீ எங்கே இருக்கிறாய்?' நமீப்பித்? பிரித்தால் ந- (எங்கு), -மி- (இடவேற்றுமை), -இத்- (இரு), -பித் (நீயா?). வேற்றுமை உருபு சொல்லுக்கு நடுவில் நிற்கிறது! நன்னூல் படித்த யாருக்கும் இது உறுத்தும். பெயர் வேற்றுமை ஏற்றுவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது. அதற்குமேல் வினையின் இடைநிலையோ விகுதியோ ஏறக்கூடாது. 'வீட்டில்' என்பதன்மேல் ஒரு விகுதி ஒட்டி 'வீட்டிலேன்' என்று நாம் சொல்வதில்லை. 'இரு' என்ற தனிவினை வேண்டும். அவர்கள் 'இக்லுமீத்துக்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இக்லு (வீடு, எந்த வீடும்தான், பனிவீடு மட்டுமில்லை), -மி-, -இத்-, -துக்.

நூனவுட்டின் தலைநகர் இகலுயித். 1987 வரைக்கும் ஃப்ரோபிஷர் பே என்று அழைக்கப்பட்ட ஊர். இகலுக் என்றால் மீன். அதன் பன்மை இகலுயித். ஊர் ஒன்று, சொல் பன்மை. 'நான் இகலுயித்தில் இருக்கிறேன்' என்பதற்கு 'இகலுன்னீத்துஙா': உள்ளே இருப்பது ஒருமையின் '-மி-' அல்ல, பன்மையின் '-னி-'. சறுக்குவண்டியின் அதே கதை, இந்த முறை சொல்லின் வயிற்றுக்குள்ளேயே.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 'இக்லுஙனி' என்றால் 'அவனுடைய வீட்டில்'. அதன்மேல் -இத்- ஏறினால் 'இக்லுஙனீத்துக்', அவனுடைய வீட்டில் இருக்கிறான். யாருடைய வீடு என்று சொல்லவேண்டுமா? வெளியே ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள்: 'யானியுப் இக்லுஙனீத்துக்', யானியின் வீட்டில் இருக்கிறான். யானியுப் உடைமை வேற்றுமையில் வெளியே நிற்கிறான். அவனுடைய வீடு, வேற்றுமை உருபோடு, வினைமுற்றின் உள்ளே. இரண்டையும் இணைப்பது '-ங-' என்ற துண்டு, அதுவும் உள்ளேதான். 'யானியின் வீட்டில்' என்ற முழுத் தொடரும் கட்டி முடிக்கப்பட்டபிறகுதான் '-இத்-' வந்து ஒட்டியிருக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சொல்லை முதலில் செய்து முடித்துவிட்டு, அப்புறம் வாக்கியத்தில் அடுக்குவது என்ற வரிசை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

பெயர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அனி- என்றால் வெளியே போ. -கு- என்றால் (செய்யச்) சொல். -ங்ஙித்- எதிர்மறை. அனி + கு + ங்ஙித் என்று அடுக்கினால் 'வெளியே போகச் சொல்லவில்லை'. அனி + ங்ஙித் + கு என்று அடுக்கினால் 'வெளியே போகாதே என்று சொன்னது'. இரண்டும் ஒரே சொல்தான், சந்தியில் ஒலி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். தமிழ்ப் பகுபதத்தில் உறுப்புகளின் வரிசை கட்டிவைத்தது: பகுதி, இடைநிலை, விகுதி. இடைநிலையைத் தூக்கி வேறு இடத்தில் போட்டால் வேறு பொருள் வராது, சொல்லே கெட்டுப்போகும். இவர்கள் மொழியில் இரண்டு முனைகள்தான் கட்டுப்பட்டவை, வேர் முதலில், ஈறு கடைசியில். நடுவில் இருப்பவை பொருள் எப்படி அடுக்கப்படுகிறதோ அப்படி இடம் மாறும்; ஒவ்வொரு பின்னொட்டும் தனக்கு முன்னால் வந்த மொத்தத்தின்மேல் ஆட்சி செய்யும். நாம் 'சொல்லவில்லை', 'போகாதே' என்று எதிர்மறையை இரண்டு வேறு வினைகளில் வைத்துச் செய்கிற காரியம்தான் இது. போகிறவன் ஒருவன், சொல்கிறவன் ஒருவன் என்று ஒரே சொல்லுக்குள் இரண்டு எழுவாய் வேறு இருக்கிறது. இதைத் தொடரியல் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

செயப்பாட்டுவினையும் ஒரு பின்னொட்டுதான். தகுயுக், பார்க்கிறான். தகு-யவு-யுக், பார்க்கப்படுகிறான். பார்த்தவர் வெளியே '-முத்' உருபோடு வருவார். சொல்லுக்குள் ஒரு துண்டு நுழைந்ததும் வெளியே நிற்பவர்களின் வேற்றுமை மாறிவிடுகிறது. நூனவிக் குழந்தைகள் இரண்டு, மூன்று வயதிலேயே இதைச் சரளமாகப் பேசுகிறார்கள் என்று ஷான்லி ஆலனும் மார்த்தா கிராகோவும் 1996-ல் காட்டினார்கள். ஆங்கிலக் குழந்தைகள் செயப்பாட்டுவினைக்கு அதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்வார்கள். சொற்களை மொத்தமாக மனப்பாடம் செய்துதான் இந்தக் குழந்தைகள் பேசுகிறார்கள் என்ற ஊகத்தை இந்த ஒன்றே ஆட்டம்காண வைக்கும்.

சரி, எல்லாம் தொடரியல்தான் என்று கட்சி மாறிவிடலாமா? மார்க் பேக்கர் 1988-ல் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்: பெயர், செயப்படுபொருள் இடத்திலிருந்து கிளம்பி வினைக்குள் குடியேறுகிறது, அடைகளை விட்டுவிட்டு. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா வினையும் ஏன் இப்படிச் செய்வதில்லை? கடி, உடை, திருடு போன்றவை ஏன் இந்தப் பின்னொட்டுப் பட்டியலில் இல்லை? அலானா ஜான்ஸ் 2007-ல் கொடுத்த பதில் எனக்கு இந்த விவாதத்திலேயே தெளிவான பதிலாகப் படுகிறது: இரு, வைத்திரு, ஆக்கு, பெறு, உட்கொள் என்று பொருளில் இலேசான வினைகள்தான் இப்படி ஒட்டுகின்றன. எடையற்ற வினைக்குத் துணையாக ஒரு வேர் வேண்டும், அவ்வளவே. '-காரன்' என்பதற்கும் 'உடையவன், சம்பந்தப்பட்டவன்' என்பதைத் தாண்டி எடை கிடையாது என்பதையும் பாருங்கள்.

2010-ல் ரிச்சர்ட் காம்ப்டனும் கிறிஸ்டின் பிட்மனும் இன்னும் துணிச்சலாக ஒன்று சொன்னார்கள். இனுயிட் மொழிகளில் பின்னொட்டு, தனிச்சொல் என்ற பாகுபாட்டை அகராதியில் குறித்துவைக்கவே வேண்டாம். தொடரியல் கட்டடத்தில் இரண்டு மட்டங்கள் உண்டு: முழு வாக்கியம், முழுப் பெயர்த்தொடர். அந்த மட்டம் முடிகிற இடத்தில் ஒலி வடிவம் வெளியே அனுப்பப்படும். அப்படி அனுப்பப்படும் ஒவ்வொரு பொட்டலமும் ஒரு சொல். வினைக்குள் போகும் பெயர், முழுப் பெயர்த்தொடராக வளராத வெறும் பெயர். அதனால் அதற்குத் தனிப் பொட்டலம் இல்லை.

படித்தபோது அசந்துபோனேன். எத்தனையோ சிக்கலை ஒரே வீச்சில் தீர்க்கிறது. ஆனால் 'யானியுப் இக்லுஙனீத்துக்' என்பதை இதில் பொருத்திப் பார்த்தால் இடிக்கிறது. உள்ளே இருக்கும் 'அவனுடைய வீட்டில்' என்பது வெறும் பெயர் அல்ல. உடைமையும் வேற்றுமையும் ஏற்று முழுசாக வளர்ந்த தொடர். யானி என்ற பெயரும் வளராத பெயர் அல்ல. முழுத்தொடர் ஆனபிறகும் தனிப் பொட்டலம் ஆகாமல் -இத்-துக்குள்ளும் -உ-வுக்குள்ளும் போகிறதே? அந்த -இத்-, -உ- மட்டும் விதிவிலக்கு, அவை அடுத்த பொட்டலத்தில் சாய்ந்துகொள்ளும் என்று சொல்லலாம். சொன்னால், எது சாயும் எது சாயாது என்று அகராதியில் குறித்துவைக்கத் தொடங்கிவிட்டோம். கதவு வழியாக வெளியேற்றியது ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

அப்புறம் உறைந்துபோன சொற்கள். கிரீன்லாந்து மொழியில் 'திம்மிசர்தொக்' என்றால் விமானம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'வழக்கமாகப் பறப்பது'. கம்ப்யூட்டருக்கு இனுக்டிடூட்டில் 'கரஸவுயக்', மூளை மாதிரி இருப்பது. பேசுபவர்கள் ஒவ்வொரு தடவையும் மூளையிலிருந்து தொடங்கிக் கம்ப்யூட்டரைக் கட்டுவதில்லை. 'எங்க வீட்டுக்காரர்' என்னும்போது நாம் வீட்டை நினைப்பதில்லையே, அப்படி. இவை அகராதியில்தான் இருக்கவேண்டும். ஆகவே ஒரே பின்னொட்டு ஒரு இடத்தில் தொடரியலின் ஆளாகவும் இன்னொரு இடத்தில் அகராதியின் ஆளாகவும் வேலை பார்க்கிறது. இதை ஒத்துக்கொள்ளாத கோட்பாடு எதுவானாலும் பாதி மொழியைத்தான் விளக்கும். தொல்காப்பியம் சொல்லையும் தொடரையும் சொல்லதிகாரம் என்ற ஒரே கூரையின்கீழ் வைத்தது. பிற்காலத்தில் நாம் மேற்கத்திய மாதிரியில் அதை இரண்டு அறையாகத் தடுத்துப் படித்தோம். இனுக்டிடூட் அந்தத் தடுப்புச்சுவரில் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

இது கோட்பாட்டுக்காரர்களின் சண்டை மட்டும் என்று விட்டுவிட முடியாது. நூனவுட் சட்டமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் இனுக்டிடூட்டிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன; 1999 முதல் 2017 வரையிலானவற்றை வரிக்கு வரி இணைத்துச் சுமார் 13 லட்சம் வாக்கிய இணைகளைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2020-ல் வெளியிட்டது. ஆங்கிலப் பக்கம் ஏறக்குறைய 1.73 கோடி சொற்கள். அதையே சொல்லும் இனுக்டிடூட் பக்கம் 80 லட்சம். பாதிக்கும் குறைவு. இடைவெளிக்கு இடைவெளி வெட்டிச் 'சொல்' என்று எண்ணுகிற கணினிக்கு இந்த மொழி சின்ன மொழியாகத் தெரியும். அதே நேரம் ஒரே ஒருமுறை மட்டும் வந்துபோகும் சொல்வடிவங்கள் மலையாகக் குவியும். எழுத்துப்பிழை திருத்திக்குச் சொல்பட்டியல் கொடுத்தால் நேற்று யாரோ புதிதாகச் சொன்ன சரியான சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு விழும். தன் சொந்த மொழியில் சரியாக எழுதிய பிள்ளைக்கு அந்தக் கோடு என்ன சொல்லும்? 'உன் சொல் தப்பு' என்று சொல்லும். என் பழைய வரியை நம்பி ஒருத்தர் மென்பொருள் எழுதினால் இதுதான் நடக்கும். அகராதி போதும் என்றல்லவா நான் எழுதியிருந்தேன்.

நூனவுட்டில் 2008-ல் வந்த இனுயிட் மொழிப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு மொழி ஆணையம் அமைந்தது. கலைச்சொற்களைத் தரப்படுத்துவது அதன் வேலைகளில் ஒன்று. அதன் பெயர் 'இனுயித் உகவுசிஙின்னிக் தைகூசிலியுக்தீத்'. தைகூசி- (பெயர், கலைச்சொல்), -லியுக்- (ஆக்கு), -தி- (செய்பவர்), -இத் (பன்மை): பெயர் ஆக்குவோர். அதற்கு முன்னால் 'இனுயிட்டின் மொழி' என்ற தொடர், கடைசியில் அதே '-நிக்'. சாதாரணப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வர இந்த '-நிக்'குக்கு வேலை இல்லை. அது தேடிப் போவது 'ஆக்குவோர்' என்ற பெயருக்குள், அதற்கும் உள்ளே இருக்கும் 'கலைச்சொல் ஆக்கு' என்ற வினைத்துண்டை. சொற்களைச் செய்வதற்கென்றே அமைந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையைப் படிக்கவே சொல்லுக்குள் தொடரியல் வேண்டியிருக்கிறது.

பழைய குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, நீக்காமல் கோடு போட்டு அப்படியே விட்டிருக்கிறேன். பக்கத்தில் இந்தக் கட்டுரைக்கு ஒரு சுட்டி. நண்பருக்கும் எழுதிவிட்டேன், அகராதி போதாது என்று.